சர்க்கரை டப்பாவில் ஒரு கோடு

1994ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில் என் மனைவி ஜெயபாரதியின் கண் அறுவைச் சிகிச்சை இரண்டாம் முறையாக ஒத்திவைக்கப்பட்டது. அவளுடைய இரத்தத்தில் சர்க்கரை முந்நூற்றுப் பன்னிரண்டு இருந்தது. அது நூற்றறுபதுக்குக் கீழே இறங்கினாலன்றிக் கத்தியைத் தொடப்போவதில்லை என்று கண் மருத்துவர் உறுதியாகக் கூறிவிட்டார். இடது கண்ணில் புரை முற்றியிருந்தது. வலது கண்ணிலும் படரத் தொடங்கியிருந்தது. பனகல் பூங்கா நிறுத்தத்தில் வந்து நிற்கும் பேருந்தின் எண்ணை அருகிலிருப்பவரிடம் கேட்டே அவள் அறிந்துகொண்டாள்.

காரணமின்றிக் காரியம் இல்லை. நாள்தோறும் காலையில் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்பவளுக்குச் சர்க்கரை இறங்கவில்லையெனில், அவள் எதையோ மறைத்து உண்கிறாள் என்பதே அதன் பொருள். இம்முடிவுக்கு வர எனக்கு நெடுநேரம் ஆகவில்லை. தியாகராய நகரில் நான் பணிபுரியும் துணிக்கடையில், வேலை முடிந்து வெளியேறும் ஊழியர்களின் பைகளைச் சோதிப்பது பதினெட்டு ஆண்டுகளாக என் பொறுப்பு. பையைத் திறக்குமுன் முகத்தைப் பார்ப்பேன். பார்வை தாழ்ந்தால் பையில் ஏதோ உண்டு. ஜெயபாரதி அந்நாள்களில் என்னிடம் பேசும்போது தரையைப் பார்த்துப் பேசினாள். கண் மங்கியவள் வேறெங்கே பார்ப்பாள் என்பதை நான் சிந்திக்கவில்லை.

முதற்கண் சர்க்கரை டப்பாவின் உட்புறத்தில் பென்சிலால் ஒரு கோடு இட்டேன். மூன்றாம் நாள் காலை அவளே அந்த டப்பாவைக் கொண்டுவந்து என் முன் வைத்தாள்.

“என்னங்க, கோட்டுக்கு மேல ரெண்டு கரண்டி கூடவே போட்டு வச்சிருக்கேன். உங்க காப்பிக்குக் காணணும்லா?”

எதிர் வீட்டுச் சகினா சர்க்கரை இரவல் கேட்டு வந்தபோது அக்கோட்டைக் கண்டு சொல்லியிருக்கிறாள். எனக்கு நாணம் உண்டாகவில்லை. பிடிபடாத திருடன் கெட்டிக்காரன் என்றே எண்ணினேன்.

வெள்ளிக்கிழமைகளில் ஜெயபாரதி மயிலாப்பூர்க் கபாலீசுவரர் கோயிலுக்குச் செல்வது வழக்கம். ஒரு வெள்ளியன்று கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, அவளுக்குத் தெரியாமல் பின்தொடர்ந்து சென்றேன். கோயில் வாயிலுக்கு எதிரே ஒரு பாத்திரக் கடையின் நிழலில் நின்றேன். அவள் வெளியே வந்தபோது கையில் ஒரு தொன்னை இருந்தது. அதில் சர்க்கரைப் பொங்கல் நெய்யொழுக மின்னியது. இதோ பிடிபட்டாள் என்று எண்ணினேன். அவளோ நேராக நடந்து, மல்லிகை விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் அத்தொன்னையைக் கொடுத்துவிட்டுப் பேருந்து நிறுத்தம் நோக்கிப் போய்விட்டாள்.

நான் பூக்காரியிடம் சென்றேன். “அந்த அம்மா உங்கிட்ட என்ன குடுத்தாங்க?”

“பொங்கலு. வாரா வாரம் குடுக்கும். ஏன், உனுக்கு வோணுமா?”

“அவங்க இதுல சாப்பிடுறது உண்டா?”

அவள் என்னை மேலுங்கீழும் பார்த்தாள். “அக்காவுக்குச் சக்கர வியாதி நைனா. இது ஊருக்கே தெரியும். நீ இன்னா அப்பலேர்ந்து அண்டா பின்னால ஒளிஞ்சிகினு பாத்துக்கினுகீற? போலீசா, இல்ல புருசனா?”

சுற்றியிருந்தோர் நகைத்தனர். எனினும், வீடு திரும்பும் வழியில் எனக்கு மற்றோர் ஐயம் எழுந்தது. அவள் என்னை முன்பே கண்டிருக்கலாம், கண்டதனால் கொடுத்திருக்கலாம். பார்வை மங்கியவள் எதிர்ச்சாரியில் நின்ற என்னை எவ்வாறு கண்டாள் என்ற வினாவை நான் எழுப்பிக்கொள்ளவில்லை. ஐயம் கொண்டவன் தனக்கு வேண்டிய வினாக்களை மட்டுமே கேட்கிறான்.

மருந்தை வாங்குவதும் பத்திரப்படுத்துவதும் என் பணி. மூன்று புட்டிகளை ஒருசேர வாங்கி வைப்பேன். ஒன்று தீர்ந்ததும் அடுத்ததை நானே எடுத்துக் கொடுப்பேன். வைகாசி மாதத்தில் ஒருநாள் அவள் புட்டியைச் சன்னலின் வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்தாள்.

“இதுல என்னமோ திரி திரியா ஒட்டிக்கிட்டுக் கெடக்கு. ஆட்டினாலும் கரைய மாட்டேங்கு.”

“கண்ணு தெரியாம மருந்தைக் குறை சொல்லாத.”

“இந்தப் பக்கத்துக் கண்ணு இன்னும் தெரியத்தான் செய்யுது.”

“ஊசி போடாம இருக்க இது ஒரு சாக்கு.”

நான் அப்புட்டியில் ஒட்டியிருந்த காகிதத்தின் மீது மருந்தின் மட்டத்தைக் குறித்துவைத்தேன். ஏழு நாள்கள் கடந்தன. மட்டம் ஒரு நூலளவும் இறங்கவில்லை. இறுதியில் என் கையில் சான்று கிடைத்துவிட்டது.

“ஜெயா, ஒரு வாரமா ஊசி போட்டியா?”

“போடல.”

இத்துணை எளிதில் ஒப்புக்கொள்வாள் என நான் எதிர்பார்க்கவில்லை. “ஏன்?”

“போட்டாலும் கள்ளிங்கிய. போடாட்டியும் கள்ளிங்கிய. பெறகு எதுக்கு நித்தம் தொடையைப் புண்ணாக்கணும்?”

அன்று மாலையே அவளையும் அப்புட்டியையும் மயிலாப்பூரில் இருந்த டாக்டர் அனந்தராமனிடம் கொண்டுசென்றேன். சர்க்கரைக்கு மருத்துவம் பார்ப்பவர் அவரே. நாற்காலியில் அமரும் முன்பே நான் பேசத் தொடங்கினேன்.

“சார், இவ ஒரு வாரமா ஊசி போடல. அவளே ஒத்துக்கிட்டா.”

“ஒரு வாரம் சரி. அதுக்கு முன்னாடி போட்டுண்டுதானே இருந்தா? அப்பவும் எறங்கலையே,” என்றவர் கையை நீட்டினார். “புட்டியைக் குடுங்கோ.”

அவர் அதனை விளக்கின் அருகே பிடித்து மெல்ல உருட்டினார். கண்ணாடியின் உட்புறத்தில் வெண்மையான துகள்கள் ஒட்டியிருந்தன.

“இதை எங்க வெச்சிருந்தேள்?”

“ஃபிரிட்ஜுலதான் சார்.”

“ஃபிரிட்ஜுல எங்க?”

“மேல, ஐஸ் பெட்டிக்குள்ள. கரண்ட் போனாலும் கெடாம இருக்கும்லா? தீரத் தீர ஒண்ணொண்ணா எடுத்து வெளிய வைப்பேன்.”

மருத்துவர் புட்டியை மேசைமேல் வைத்தார். பின்னர், “உறைய விட்டுட்டேளே!” என்றார். “இன்சுலின் ஒருதரம் உறைஞ்சா திரிஞ்ச பால் மாதிரிதான். உருக வெச்சுக் குத்தினாலும் நம்பவே முடியாது. எத்தனை மாசமா இப்படி?”

“மாசியிலேருந்து,” என்றேன். குளிர் காக்குமெனில் பனிக்கட்டி இன்னும் நன்றாகக் காக்கும் என்ற என் முடிவில் எனக்கு அதுவரை பெருமையே இருந்தது.

அவர் ஜெயபாரதியின் பக்கம் திரும்பினார். “நீங்களும் தானா நிறுத்தப்படாதும்மா. மருந்து மேல சந்தேகம்னா எங்கிட்ட வந்து சொல்லணும்.”

“கூட வாரவுகதான பேசுதாவ,” என்றாள் அவள். “நான் எங்க பேச?”

பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள். “இனிமே ஒழுங்கா போட்டா கண்ணு ஆப்பரேசன் பண்ணிரலாமா டாக்டர்?”

“ஒரு மாசம் போடுங்கோ. பார்ப்போம்.”

லஸ் முனையிலிருந்த மருந்துக் கடையில் புதிய புட்டியை வாங்கினேன். அவள் கையை நீட்டினாள். நான் கொடுத்தேன். அன்று முதல் அது சகினாவின் வீட்டுக் குளிர்பெட்டியில், கதவுத் தட்டில் இருந்தது. ஒவ்வொரு காலையிலும் ஜெயபாரதி எதிர் வீட்டுக்குச் சென்றாள். ஊசியில் மருந்தின் அளவைச் சகினா பார்த்துச் சொன்னாளாம். ஐந்து நிமிடத்தில் திரும்பிவருவாள். அதுவரை அவ்வீட்டுக் கதவு சாத்தியிருக்கும். உள்ளே என்ன நடந்தது என்பதை அறிய எனக்கு வழியில்லை.

நான்காம் நாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேன். “போட்டாச்சா?”

“ரத்தம் சொல்லும்.”

அம்மாதம் முழுவதும் நான் நன்றாக உறங்கவில்லை. தவறு என்னுடையது என்று அறிந்த பின்னும் ஐயம் என்னை விட்டு அகலவில்லை என்பதை எழுத எனக்குக் கூச்சமாகவே இருக்கிறது.

ஆனி மாதத்தில், பாண்டி பசாரிலிருந்த பரிசோதனைக் கூடத்திலிருந்து ஒட்டிய உறையை நானே வாங்கி வந்தேன். வழியில் பிரிக்கவில்லை. சகினா எங்கள் வீட்டில் இருந்தாள். ஜெயபாரதி உறையை வாங்கி அவளிடம் நீட்டினாள்.

“நான் படிக்க மாட்டேனா?” என்றேன்.

“படிப்பிய. நான் நம்பணும்லா?”

“நான் பொய் சொல்லுவேன்னு நினைக்கியா?”

“தெரியல. நான் திம்பேன்னு நீங்க நெனைக்கலையா?”

சகினா என்னைப் பார்க்காமல் தாளைப் பிரித்தாள். “நூத்தி நாப்பத்தாறு, அக்கா.”

“இன்னொரு தடவ படி.”

“நூத்தி நாப்பத்தாறுதான்கா. அல்லா மேல சத்தியமா.”

தோழியின் மனம் நோகாதிருக்க அவள் குறைத்துச் சொல்கிறாளோ என்று அக்கணத்திலும் எனக்குத் தோன்றியது. தாளை வாங்க என் கை எழுந்தது. ஜெயபாரதி அதை மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் கண் மருத்துவமனையில் செவிலி அத்தாளை விரித்து, பதிவேட்டில் எழுதுபவருக்காக உரக்கப் படித்தாள். நூற்று நாற்பத்தாறு. அடுத்த புதன்கிழமைக்கு நாள் குறித்தார்கள். சம்மதப் படிவத்தை வழக்கம்போல் கணவனாகிய என் பக்கம் நகர்த்தினார்கள். ஜெயபாரதி அதனைத் தன் பக்கம் இழுத்து, கையெழுத்து எங்கே போடவேண்டும் என்று செவிலியிடம் கேட்டாள்.