பெரியப்பா ஆடிய ஆட்டம்

பெரியப்பாவுக்குத் தருமம் செய்வதென்றால் கொள்ளைப் பிரியம்; பார்க்க ஆள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். தம்பி மகளுக்குப் பிறவியிலேயே இடது கால் சூம்பியிருந்தது. அவளுக்குத் தன் டைல்ஸ் கடையில் வேலை போட்டுக் கொடுத்ததை ஊரெல்லாம் தமுக்கடித்தார். எங்கே உட்கார வைத்தார் என்பதை மட்டும் சொல்லமாட்டார். கடைக்குப் பின்னால், உடைந்த டைல்ஸ் குவியலுக்குப் பக்கத்தில்.

"முன்னாடி வேண்டாம் கண்ணு. வர்றவங்க மனசு கஷ்டப்படும்."

அவள் அங்கே வாயைத் திறப்பதில்லை. திறப்பதெல்லாம் சனிக்கிழமை சாயங்காலம் விளையாட்டு அரங்கத்தில். உட்கார்ந்தபடி ஆடும் வாலிபால். வலை தாழ்வாக இருக்கும். கால் நன்றாக உள்ளவர், இல்லாதவர் எல்லாரும் தரையில்தான். பந்தைத் தொடும்போது பிட்டம் எழும்பினால் தப்பு. வந்த புதிதில் பந்து தலைமேல் விழுந்தாலும் 'ஐயோ' என்றுகூடச் சொல்லமாட்டாள். கூட ஆடும் அக்கா ஒருத்தி, கால் நன்றாக உள்ளவள், லாரி கம்பெனி நடத்துகிறவள், ஒருநாள் எரிந்து விழுந்தாள்: "பந்து உன்னுதுன்னா உன்னுதுன்னு கத்து! எனக்கு ஜோசியமா தெரியும்?"

அன்றைக்குக் கத்த ஆரம்பித்தவள்தான். இப்போது அணியையே அவள்தான் மேய்க்கிறாள். கையூன்றிப் பக்கவாட்டில் பாய்கிற வேகத்தைப் பார்த்து 'நண்டு' என்று பட்டப்பெயர் வேறு.

அந்த அரங்கத்துக்குத்தான் பெரியப்பா சிறப்பு விருந்தினராக வந்து சேர்ந்தார். கடைப் பெயர் போட்ட ஜெர்சிகள் அவர் உபயம். "இந்தக் குழந்தைங்களைப் பாக்கறப்ப எனக்குத் தொண்டை அடைக்குது" என்று மைக்கில் ஆரம்பித்து, அரைமணி நேரம் அடைக்காமல் பேசினார். அந்தக் குழந்தைகளில் ஒருவருக்குக் கல்லூரி போகும் மகன் இருந்தான்.

பிறகு, போட்டோவுக்காகத் தானும் ஆடுவேன் என்றார். நண்டுக்கு எதிரணியில் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்த கால் நன்றாக உள்ளவர்களிடம் கிசுகிசுத்தார். அவர் கிசுகிசுத்தால் தெருமுனைவரை கேட்கும்.

"மெதுவா போடுங்கப்பா. பாவம், அதுங்க ஜெயிச்சுட்டுப் போகட்டும்."

அதுங்க! நண்டுக்கு உச்சந்தலை சுட்டது.

முதல் பந்தை நேராக அவரிடமே அடித்தாள். மனிதர் எழுந்து பாய்ந்தார், விசில். "ஐயா, உட்காருங்க" என்றார் நடுவர். அடுத்தது கொஞ்சம் தள்ளிப் போனது. நகரப் பார்த்தவர் சிமெண்ட் மூட்டைபோல் சாய்ந்தார். அதற்கடுத்தது முன்னால் பொத்தென்று விழ, காலில் விழுந்து கும்பிடுவதுபோல் கவிழ்ந்தார். போட்டோக்காரருக்குத்தான் கொண்டாட்டம்.

ஆட்டம் முடிந்ததும் இடுப்பைப் பிடித்தபடி வந்து அவள் தலையைத் தடவப் பார்த்தார். "உனக்காகத்தான் விட்டுக்கொடுத்தேன் கண்ணு."

கையை ஒதுக்கிவிட்டு, அரங்கம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்: "விட்டுக்கொடுக்கணும்னா முதல்ல பந்து கையில படணும் பெரியப்பா."

சிரிப்பு அடங்குவதற்குள் மேலே பேசினாள். "திங்கட்கிழமையிலிருந்து கடைக்கு முன்னாடி உக்காந்து வியாபாரம் பாக்கறேன். இல்லன்னா வரல."

"அது வந்து கண்ணு... கஸ்டமருங்க..."

"சரி, வரல."

பக்கத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த லாரி அக்கா வாயைத் துடைத்தாள். "எங்கிட்ட ஒரு கூட்டம் டிரைவர் இருக்கானுங்க. எவன் எங்க நிக்கறான்னே தெரியல. மேய்க்கிறியா?"

இன்றைக்கு அந்தக் கம்பெனியில் எந்த வண்டி எந்தத் திருப்பத்தில் நிற்கிறது என்பது அவளுக்கு அத்துப்படி. டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு 'டிராபிக்' என்று புளுகும் டிரைவர்கள், போனில் அவள் குரல் கேட்டால் பாதி டீயோடு எழுந்துவிடுகிறார்கள்.

பெரியப்பா கல்யாண வீடுகளில், "எல்லாம் நான் குடுத்த தைரியம்" என்று சொல்லித் திரிகிறார். அவள் மறுப்பதில்லை. மறுத்துப் பேசுகிற அளவுக்கு அவரை ஒரு ஆளாகவே அவள் மதிக்கவில்லை.