சேத்தக்கா வளர்த்த செல்

எங்கள் ஆய்வகத்தில் அவருக்குப் பெயர் சேத்தக்கா. கடலடியிலிருந்து வந்த கறுப்புச் சேற்றைக் கண்ணாடிக் குப்பியில் அடைத்து, காற்றுப் படாமல் எட்டு வருடம் வளர்த்தவரை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? நான் பக்கத்து அறையில் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் ஓட்டினேன்.

நம் செல்களுக்குள் சாப்பாட்டைத் தெம்பாக மாற்றித் தருகிற மைட்டோகாண்ட்ரியா, ஆதியில் தனியாகத் திரிந்த ஒரு பாக்டீரியா. இருநூறு கோடி வருடத்துக்கு முன்னால் இன்னொரு செல்லுக்குள் குடிபோனது; திரும்பி வரவே இல்லை. அப்படி இடம் கொடுத்த செல்லின் தூரத்துச் சொந்தங்கள் இன்றும் கடலடிச் சேற்றில் வாழ்கின்றன. அதில் ஒன்றைத் தனியே பிரித்து வளர்த்துவிட வேண்டும் என்பதுதான் அக்காவின் ஆசை.

அது ஒன்று இரண்டாகவே மூன்று வாரம் எடுக்கும். இயக்குநர் எட்டிப்பார்க்கும்போதெல்லாம் கேட்பார்: "என்னம்மா, சேத்துல செந்தாமரை பூத்துச்சா?"

"வேர் விடுது சார்."

ஆனால் அதோடு ஒரு பாக்டீரியா ஒட்டிக்கொண்டே வந்தது. மருந்து போட்டு அதைக் கொன்றால், சில வாரத்தில் அக்காவின் செல்லும் செத்துப்போகும். மூன்று முறை இப்படி ஆனது. மூன்றாம் முறை அக்கா கை கழுவும் தொட்டிமேல் சாய்ந்து அழுதுவிட்டார்.

"சனியன், விட்டுத் தொலைய மாட்டேங்குதுடி."

"இந்தத் தடவை அதைத் துரத்தாதீங்கக்கா. அப்படியே குடுங்க, படம் எடுத்துப் பாக்கலாம்."

நான்கு மாதம் கழித்துக் கொடுத்தார். திரையில் ஒரு சின்ன உருண்டை தெரிந்தது. அதிலிருந்து மெல்லிய கைகள் நீண்டு, கிளைவிட்டு, அந்த பாக்டீரியாவைச் சுற்றிக்கொண்டிருந்தன. அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு, முதலில் உருண்டையையும் பிறகு பாக்டீரியாவையும் விரலால் தொட்டுக் காட்டினார்.

"இவன் கழிக்கிற ஹைட்ரஜன்தான் அவனுக்குச் சாப்பாடு. அவன் எடுத்துக்கலைன்னா இவன் திணறிச் செத்துடுவான். நான் இத்தனை வருஷமா குடும்பத்தைப் பிரிச்சிட்டிருந்திருக்கேன்."

"நல்லா மாமியார் வேலை பாத்திருக்கீங்க."

சிரித்துச் சிரித்து இருவருக்கும் கண்ணில் நீர் வந்துவிட்டது.

அன்று மதியத்துக்குமேல் வேலை ஓடவில்லை. வாசல் மதில்மேல் உட்கார்ந்து வேர்க்கடலை கொறித்தோம். மூன்று பஸ் எங்களைத் தாண்டிப் போனது.

"அந்தக் காலத்துலயும் இப்படித்தான் பக்கத்துல பக்கத்துல ஆரம்பிச்சிருக்கும். அப்புறம்தான் உள்ள போயிருக்கும்" என்றார். "இனி பிரியவே மாட்டோம்னு அதுங்க நினைச்சிருக்குமா?"

"செல்லுக்கு ஏதுக்கா நினைப்பு?"

"நமக்கு இருக்கே, அது யாரால வந்துச்சாம்?"

இரண்டையும் சேர்த்தே கட்டுரை எழுதினார். சுத்தமாகப் பிரிக்கவில்லை என்று இரண்டு இதழ்கள் திருப்பியனுப்பின, மூன்றாவது ஏற்றுக்கொண்டது. அடுத்த வருடம் ஓய்வுபெற்று மகள் இருக்கும் ஊருக்குப் போய்விட்டார். நாங்களும் புதுக் கட்டடத்துக்கு மாறிவிட்டோம். இங்கே மைக்ராஸ்கோப் பளபளவென்று இருக்கிறது, படமும் துல்லியம். ஏதாவது நல்லதாகத் தெரிந்தால், அக்காவைக் கூப்பிடப் பாதி எழுந்துவிடுகிறேன்.