நாலு மணிக் கப்பல்

கப்பல் காலை ஒன்பது மணிக்குக் கரை தொட்டது. நாலு மணிக்குக் கிளம்பும். மூன்றரைக்குள் எல்லோரும் ஏறிவிட வேண்டும், யாருக்காகவும் நிற்காது என்று ஒலிபெருக்கி மூன்று மொழிகளில் சொல்லி ஓய்ந்தது. மைத்துனன் கையில் ஒரு பட்டியல் இருந்தது. பழைய நகரத்தில் பார்க்க வேண்டிய பதினோரு இடங்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே இத்தனை நிமிடம் என்று குறித்திருந்தான்.

"ஆறரை மணி நேரத்துல பதினொண்ணு, மாமா. ஓட்டமும் நடையுமா போனா முடிச்சிரலாம்."

"மூச்சு விட எத்தனை நிமிஷம் போட்டிருக்க?"

"ஏழாவதுக்கும் எட்டாவதுக்கும் நடுவுல."

மாமாவுக்கு வயது முப்பத்திரண்டுதான். லிப்ட் கம்பெனி ஒன்றில் சர்வீஸ் இன்ஜினியர். ஆனால் அவன் குடியிருந்த தெருவில் அவனுக்கு லிப்ட்காரன் என்றே பெயர். மனைவி இறந்து எட்டு மாதம் ஆகிறது. இந்தப் பயணத்துக்குப் பதிவு செய்தவள் அவள்தான். அவள் இடத்தில் அவள் தம்பி வந்திருந்தான். மூன்றாவது இடம் நாலு வயது மகளுக்கு.

பாப்பாவைக் கப்பலிலேயே விட்டுப் போகலாம் என்பதும் மைத்துனன் யோசனைதான். ஊர் முழுக்கப் படிக்கட்டு, வெயில் வேறு மண்டையைப் பிளக்கிறது. ஏழாவது தளத்தில் குழந்தைகளுக்கென்று ஓர் அறையும் பார்த்துக்கொள்ள ஆட்களும் இருந்தார்கள். அங்கே களிமண் மேசையைக் கண்டதும் பாப்பா ஓடிவிட்டாள்.

"கொஞ்ச நேரத்துல வந்துருவேன்," என்றான் லிப்ட்காரன், அவள் முதுகைப் பார்த்து.

கோட்டை வாசல், பீரங்கி மேடை, பழைய சந்தை என்று ஐந்து இடங்களைப் பன்னிரண்டரைக்குள் முடித்தார்கள். மைத்துனன் படம் எடுத்துத் தள்ளினான். லிப்ட்காரன் போகச் சொன்ன இடத்துக்குப் போனான், நிற்கச் சொன்ன இடத்தில் நின்றான். எட்டு மாதமாக அப்படித்தான். எதுவும் உள்ளே இறங்குவதில்லை.

ஆறாவது இடம், நிலத்துக்கு அடியில் இருந்த நீர்த்தொட்டி. முற்றுகைக் காலத்தில் ஊரே அதன் தண்ணீரைக் குடித்துத்தான் பிழைத்ததாம். வாசலில் ஒரு காவல்காரர் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் ஆணிகள் அடித்த பலகை, ஆணிக்கு ஒன்றாக எண் போட்ட பித்தளை வில்லைகள். இறங்குகிறவர் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும், ஏறி வந்ததும் திரும்ப மாட்ட வேண்டும். பலகை நிரம்பினால் உள்ளே யாரும் இல்லை என்று கணக்கு. அவர் இதைக் கைச்சைகையிலேயே விளக்கிவிட்டார்.

"உங்களுதையும் குடுங்க, மாமா. தொலைச்சிருவீங்க," என்று இரண்டு வில்லைகளையும் மைத்துனன் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

கீழே நூற்றுக்கணக்கான கல்தூண்கள் தண்ணீருக்குள் நின்றன. நடுவே ஒரு நடைமேடை, வரிசை வரிசையாக மங்கலான விளக்குகள். வேறு யாரும் இல்லை. மைத்துனனுக்குப் பத்து நிமிடத்திலேயே கால் பரபரத்தது.

"அடுத்தது கோபுரம், அங்க வரிசை அனுமார் வாலாட்டம் நிக்குது. நான் போய் இடம் பிடிக்கிறேன். நீங்க நிதானமா வாங்க."

மேலே போனவன் தன் வில்லையை மாட்டினான். கையோடு மாமாவின் வில்லையையும் மாட்டினான். பின்னாலேயே வருவார், அவருக்கு ஒரு வேலை மிச்சமாகட்டும் என்று. நல்ல மனசுதான்.

காவல்காரர் அப்போது கைகழுவப் போயிருந்தார். மதியச் சாப்பாட்டுக்குப் பூட்டும் நேரம். வந்து பலகையைப் பார்த்தார். நிரம்பியிருந்தது.

கோடியில் இருந்த விளக்கு வரிசை முதலில் அணைந்தது. பிறகு அடுத்தது. லிப்ட்காரன் அதையும் வேடிக்கைதான் பார்த்தான். அவன் தலைக்கு மேலிருந்த வரிசை அணைந்தபோதுதான் உறைத்தது. தட்டுத் தடுமாறிப் படியேறுவதற்குள் மேலே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. கதவைக் குத்தினான். கையளவு தடிமனான மரம், கல்லைக் குத்திய மாதிரிதான் இருந்தது.

கைபேசியில் மணி ஒன்று ஐந்து. சிக்னல் இல்லை.

லிப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் சொல்ல அவனிடம் ஒரு பாடம் உண்டு. பதறாதீங்க, கதவைத் தள்ளாதீங்க, ஆள் வந்துட்டே இருக்கு. அதையே தனக்குச் சொல்லிக்கொண்டு படியில் உட்கார்ந்தான். இருபது நிமிடம் போனது. அப்புறம்தான் அந்தப் பாடத்தில் இருந்த ஓட்டை தெரிந்தது. லிப்டில் மாட்டியவரிடம் போன் இருக்கும், எதிர்முனையில் இவன் இருப்பான். இவன் இங்கே இருப்பது யாருக்குத் தெரியும்? மைத்துனனும் தேடமாட்டான். விசேஷ வீடுகளிலிருந்து பாதியில் சொல்லாமல் எழுந்து போவது கொஞ்ச நாளாக இவன் வழக்கம். மாமா வழக்கம்போல நழுவிட்டார், கப்பலுக்குப் போயிருப்பார் என்றுதான் நினைப்பான். பத்தாவது, பதினோராவது இடங்களையும் முடித்துவிட்டுத்தான் ஏறுவான். அவனும் நேரம் தவறிக் கப்பலை விட்டுவிட்டால், அதில் பாப்பா மட்டும் இருப்பாள்.

அவளுக்கு அந்த ஆட்களின் பாஷை தெரியாது. வீட்டு எண் கேட்டால் சொல்வாள், அதுவும் தமிழில். ராத்திரிக்கு எங்கே படுக்க வைப்பார்கள்? அடுத்த துறைமுகத்தில் யார் கையில் கொடுப்பார்கள்? ஆஸ்பத்திரிக்குப் போன அம்மா எப்போது வரும் என்று அவள் கேட்டபோது, கொஞ்ச நேரத்துல என்றுதான் எல்லோரும் சொல்லி வைத்திருந்தார்கள். காலையில் இவனும் அதே வார்த்தையைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறான்.

எழுந்தான். சுற்றிலும் பார்த்தான்.

தொலைவில், தூண்களுக்கு அப்பால், தண்ணீரின் மேல் ஒரு தட்டளவு வெளிச்சம் கிடந்தது. மேலே ஏதோ திறப்பு இருக்க வேண்டும். நடைமேடை அந்தப் பக்கம் போகவில்லை. கைபேசி விளக்கைப் போட்டுத் தண்ணீரில் இறங்கினான். முழங்கால், தொடை, இடுப்பு. அடித்தளம் பாசி. ஒருமுறை வழுக்கித் தலைவரை முழுகி எழுந்தான். கைபேசி போன இடம் தெரியவில்லை. இருட்டில் எதுவோ காலில் உரசிப் போனது. மீனாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டான்.

வெளிச்சத்தின் அடியில் நின்று நிமிர்ந்தான். பழைய கிணற்று வாய், அதன் மேல் இரும்புக் கம்பி. கம்பிக்கு மேலே ஒரு மேசையின் கால்கள், செருப்புகளின் அடிப்பாகம், கரண்டிச் சத்தம். கடையொன்று கிணற்றின் மேலேயே மேசை போட்டிருந்தது.

"ஏங்க," என்றான். அவனுக்கே கேட்கவில்லை. எட்டு மாதமாகத் தேவைக்குமேல் பேசாத தொண்டை. "ஏங்க. மேல யாரு. என் பொண்ணு கப்பல்ல இருக்கா. என் பொண்ணு தனியா இருக்கா."

யாரோ சிரித்தார்கள், வேறு எதற்கோ. ஒரு நாணயம் கம்பி வழியே விழுந்து அவன் நெற்றியில் பட்டது. எதையோ வேண்டிக்கொண்டு போட்டிருப்பார்கள் போல. அடியில் துழாவினான், பாசிக்குள் நாணயங்கள் குவிந்து கிடந்தன. கை நிறைய அள்ளி மேலே விட்டெறிந்தான். பாதி அவன் தலையிலேயே திரும்ப விழுந்தன. மறுபடி எறிந்தான். மறுபடி. கூடவே கத்தினான். அது பேச்சாக இல்லை, வெறும் கதறல்.

ஒரு பெண் கிறீச்சிட்டுக் காலைத் தூக்கிக்கொண்டாள். மேசை நகர்ந்தது. தட்டேந்திய பரிமாறுகிறவர் மண்டியிட்டு எட்டிப் பார்த்தார். கீழே இருந்தவன் இரண்டு கைகளையும் கூப்பினான்.

காவல்காரரைத் தேடிப் பிடித்துக் கதவு திறக்க நேரமாகிவிட்டது. அவர் சாப்பாட்டுக் கையோடு வந்திருந்தார். பலகையைக் காட்டிக் காட்டி ஏதோ சொன்னார். அவர் முகமும் வெளுத்திருந்தது. லிப்ட்காரன் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினான், கடல் இருந்த திசையைக் காட்டினான், தன் இடுப்பளவில் கையை வைத்து ஒரு குழந்தையின் உயரம் காட்டினான். மூன்று இருபது. காவல்காரர் கையைக் கால்சட்டையில் துடைத்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தார்.

துறைமுகத்தில் மூன்று நாற்பது. ஏறுபாலத்தில் மைத்துனன் ஒரு காலைப் பலகையிலும் ஒரு காலைக் கரையிலும் ஊன்றி, கைப்பிடியைக் கட்டிக்கொண்டு நின்றான். இரண்டு சிப்பந்திகள் அவனை இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"எங்க மாமா வராம இதை எடுத்தீங்க, நானும் பலகையோட வருவேன்," என்று தமிழிலேயே சண்டை போட்டுக்கொண்டிருந்தான். நனைந்து வந்தவனைப் பார்த்ததும் அவன் வாய் கோணியது. "கோபுரத்துல பார்த்தேன், இல்ல. இங்க வந்து கேட்டேன், இல்லன்னாங்க. அந்த வில்லையை நான்தான் மாமா..."

"பாப்பா எங்க?"

"உள்ளதான். உங்க கையெழுத்து இல்லாம குடுக்க மாட்டாங்களாம்."

ஏழாவது தளத்துக்கு லிப்ட் இருந்தது. அவன் படியில் ஓடினான்.

அறை வாசலில் இடுப்புயரக் கதவு. அதற்குப் பின்னால் இருந்த பெண் நோட்டை நீட்டினாள். காலையில் போட்ட கையெழுத்துக்குக் கீழே போட வேண்டும், இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். போட்டான். சிக்குப்பிடித்த நூல் மாதிரி வந்தது. அவள் சங்கடத்தோடு தலையை ஆட்டி, அடுத்த வரியைக் காட்டினாள். அதுவும் அப்படியே.

பாப்பா ஓடி வந்து கதவுக்கு மேல் எக்கினாள்.

"ஏன்ப்பா நனைஞ்சிருக்க?"

"தண்ணிக்குள்ள மாட்டிக்கிட்டேன்."

"பயந்தியா?"

"ஆமாடா."

"நிறையவா?"

காலடியில் தரை லேசாக அதிர்ந்தது. கப்பல் நகரத் தொடங்கியிருந்தது. அவன் இடக்கையைக் கதவுக்கு மேலே நீட்டி அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, மூன்றாவது வரியில் பேனாவை வைத்தான்.