வெங்கட் சொன்ன 'முந்தே'

என் காது செய்த கோளாறில் வட துருவத்தின் மூவாயிரம் வருடக் கதையே மாறிப்போனது. சிரிக்காதீர்கள், எனக்கு வயிறு எரிகிறது.

நான் செல்லி. சிங்காரப்பேட்டைக்காரி. ஓசூர் சிப்காட்டில் மண் சோதிக்கும் ஆய்வகத்தில் தற்காலிக உதவியாளர். பெங்களூரு ஆராய்ச்சியாளர் அனுப்ரியா இரண்டு குழாய் நிறையச் சேறு அனுப்பியிருந்தார். துருவத்து ஏரி ஒன்றின் அடியில் குழாயை இறக்கி எடுத்தது. மேல் குழாயில் புதுச் சேறு, அடுத்ததில் மூவாயிரம் வருடப் பழசு. ஒவ்வொரு அடுக்கிலும் இருக்கும் பாசியை வைத்து அந்தக் காலம் சூடா குளிரா என்று கண்டுபிடிக்கலாம்.

குழாய்மேல் எழுதியிருந்தது ஈரத்தில் அழிந்துவிட்டது. பெட்டியில் இருந்த வரிசையைப் பார்த்தவன் என்னோடு வேலை செய்யும் வெங்கட் மட்டும்தான். அத்திப்பள்ளிக்காரன், பாதிப் பேச்சு கன்னடம். ஒரு குழாயை நீட்டி, "இது முந்தே" என்றான். என் தமிழ்க் காதில் அது 'முந்தி' என்று விழுந்தது. அதையே முதலில் அடுக்கினேன். அந்த வரிசையிலேயே மற்றவர்கள் பாசியை எண்ணி, அனுப்ரியாவுக்கு ரிப்போர்ட்டும் போய்விட்டது.

இன்று காலை மிச்சச் சேற்றை அறுத்தேன். முதல் குழாயில் கத்தி இறங்கவே இல்லை, அவ்வளவு இறுக்கம். இரண்டாவதில் சேறு கொழகொழவென்று இருந்தது. ஏரி வண்டல் சுமந்தவள் நான், மேல் சேறு இறுகாது என்று எனக்குத் தெரியாதா? வெங்கட்டைப் பிடித்துக் கேட்டேன்.

"ஐயோ செல்லி, முந்தே அந்த்ரெ அடுத்தது!" என்று தலையில் கைவைத்தான்.

மேலாளர் சுரேந்தரிடம் ஓடினேன்.

"ரிப்போர்ட் போயி மூணு நாளாச்சு. அங்க வெயில் அடிச்சா உனக்கென்ன, பனி பேஞ்சா உனக்கென்ன? வாய மூடிக்கினு இரு. உன்னோட பர்மனென்ட் ஆர்டர் இது, இன்னைக்குக் கையெழுத்துப் போடறன்" என்று காகிதத்தை ஆட்டிக் காட்டினார்.

அந்தக் காகிதத்துக்காக நான்கு வருடம் நாயாய் உழைத்திருக்கிறேன். ஆனால் ரிப்போர்ட்டில் துருவம் வரவரக் குளிர்கிறது. சேறு சொன்னதோ நேர்மாறு.

"ஊரே அத நம்பும் சார். எனக்குச் சோறு எறங்காது."

அவர் எதிரிலேயே அனுப்ரியாவுக்கு மெயில் அடித்தேன்: குழாய்களை மாற்றி அடுக்கியது நான், செல்லி. ரிப்போர்ட் தவறு.

"என் பேரும் போடு" என்றான் வெங்கட்.

"உன் கன்னடம் சரியாத்தான் இருந்துச்சு, போடா."

சுரேந்தர் எழுந்துவிட்டார். "அனுப்புனா ஆர்டர் கெடையாது!"

அனுப்பினேன்.

"நீங்க கிழிக்கறீங்களா சார், நான் கிழிக்கட்டா?"