நம்பரை மாத்திக்கச் சொன்னாங்க

ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது.

ஸ்டியரிங்கில் ஒரு நர்ஸ். கழுத்தைத் திருப்பிப் பின்கண்ணாடி வழியாகப் பார்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு கிளட்சை விட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்து சீட்டில் சொல்லிக்கொடுப்பவள். டிரைவிங் ஸ்கூலே அவளுடையதுதான். பழகுகிறவர்கள் அவளுக்கு வைத்த பெயர் பிரேக் அக்கா. வண்டியில் ஏறியதும் முதல் பாடம் அதுதான். "முதல்ல பிரேக் எங்கன்னு காலுக்குத் தெரியணும். ஓட்டுறதெல்லாம் அப்புறம்."

முன்பெல்லாம் போன் அடித்தால் மனசு குளிரும். யாரோ புதிதாகச் சேர வருகிறார்கள் என்று அர்த்தம். இப்போது அர்த்தமே வேறு. ஆனாலும் எடுக்காமல் இருக்க முடியாதே. நூறு நாய் குரைத்தாலும் நடுவில் ஒரு மனுஷன் கூப்பிடுவான்.

எடுத்தாள். வண்டியின் ஸ்பீக்கரில் குரல் வந்தது.

"அக்கா, என் மேல கொஞ்சம் காலை வைக்கிறீங்களா?"

அதற்குப் பிறகு அவன் சொன்னதை எழுத முடியாது. பின்னால் நாலைந்து பேர் சிரிக்கும் சத்தம். அவள் தட்டி அணைப்பதற்குள் நர்ஸின் கால் கிளட்சிலிருந்து நழுவி வண்டி குலுங்கி நின்றது.

பிரேக் அக்கா ஹேண்ட் பிரேக்கை இழுத்து விட்டாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க," என்றாள் நர்ஸ். "வீட்டுல அந்த வீடியோவைப் பாத்துட்டாங்க. வேற எடத்துல கத்துக்கோன்னு சொல்றாங்க."

"நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"சிரிச்சியா?"

நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டாள். அவளைக் கோபித்து என்ன ஆகப்போகிறது. பிரேக் அக்கா இறங்கி, சீட்டு மாறி, அவளை ஆஸ்பத்திரி வாசலில் விட்டுவிட்டு வந்தாள்.

அந்த வீடியோ உருவாக வழி செய்ததே அவள்தான். அதுதான் அவளுக்கு ஆறவில்லை. பழகுகிறவர்களிடம் அவளே சொல்வாள், "போனை முன்னாடி மாட்டி வச்சு வீடியோ எடுங்க. வீட்டுல போய்ப் போட்டுப் பாருங்க. நான் நூறு தடவை சொல்றதை உங்க தப்பு ஒரு தடவையில சொல்லிடும்." இதனால் பாஸ் ஆனவர்கள் ஏராளம்.

பேங்க்கில் வேலை பார்க்கும் ஒருவரும் அப்படித்தான் எடுத்தார். நல்ல சட்டை, நல்ல படிப்பு, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். ஆனால் பதற்றம் வந்தால் கால் எங்கே போகிறது என்று தெரியாது. ஒரு திருப்பத்தில் பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்துவிட்டார். எதிரில் ஒரு சுவர், சுவரோரம் வெயிலுக்கு ஒதுங்கி நின்ற ஒரு தாயும் குழந்தையும். இவள் தன் பக்கம் இருந்த இன்னொரு பிரேக்கை ஏறி மிதித்தாள். அவர் கால் இன்னும் ஆக்சிலேட்டரில். "காலை எடுடா எருமை" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினாள். வண்டி நடைபாதையில் ஏறி நின்றது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

உயிர் திரும்பி வந்ததும் அவளே சொன்னாள், "மன்னிச்சுக்கங்க சார், வாய் தவறிடுச்சு." அவரும் தலையாட்டினார். அடுத்த வாரம் டெஸ்டில் தோற்றார். அதற்கப்புறம் வரவில்லை.

வீடியோ வந்தது. தாயும் குழந்தையும் அதில் இல்லை. அவர் காலும் இல்லை, முகமும் இல்லை. இவள் வாயைப் பிளந்து கத்துவது மட்டும், திரும்பத் திரும்ப, பாட்டுப் போட்டு. கடைசியில், இறங்கி நின்று எடுத்த மாதிரி, நடைபாதையில் ஏறி நிற்கும் கார், கூரையில் பலகை, பலகையில் போன் நம்பர். "டிரைவிங் சொல்லித் தர்ற லட்சணம்" என்று தலைப்பு. ஏதோ ஒரு பொய்ப்பெயர்ப் பக்கம். ஆனால் அந்தக் கார் கண்ணாடிக்கு முன்னால் அன்றைக்கு மாட்டியிருந்தது ஒரே ஒரு போன்தானே.

அவள் வீட்டுக்காரர் ஸ்கூல் ஆபீஸ் அறையில் உட்கார்ந்து லைசென்ஸ் விண்ணப்பங்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"நர்ஸ் நின்னுட்டா," என்றாள்.

அவர் பெருமூச்சு விட்டார். "நான்தான் அன்னைக்கே சொன்னேனே. நம்பரை மாத்திடுவோம்."

"எதை மாத்துறது? ஊர்ல பாதிச் சுவத்துல எழுதியிருக்கு அந்த நம்பர். கத்துக்கிட்டுப் போன பொண்ணு தங்கச்சிக்குச் சொல்றா, தங்கச்சி நாத்தனாருக்குச் சொல்றா. நமக்கு வேற என்ன விளம்பரம் இருக்கு? அது போனா ஸ்கூலை மூடிட்டு நீங்களும் நானும் மூஞ்சியப் பாத்துக்கிட்டு உக்கார வேண்டியதுதான்."

"ஸ்டேஷன்லயும் அதைத்தானே சொன்னாங்க."

"திருடன் வீட்டுக்குள்ள வந்தா வீட்டை மாத்திக்கோன்னு சொல்ற ஸ்டேஷன்."

புகார் கொடுத்துவிட்டு அலைந்து அலைந்து செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். கடைசியில் இன்றைக்குத்தான் அந்தப் பேங்க்காரரைக் கூப்பிட்டிருந்தார்கள். கூப்பிட்டது விசாரிக்க இல்லை, சமாதானம் பேச.

ஸ்டேஷனில் பேங்க்காரர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கூட அவர் மாமனார், வெள்ளைத் தலை, நாலு பேருக்குப் பஞ்சாயத்து பண்ணிப் பழகிய வாய். பிரேக் அக்காவுக்குப் பெஞ்சு. கூட வந்த வீட்டுக்காரர் அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

"வாம்மா, வாம்மா," என்றார் மாமனார், அது ஏதோ அவர் வீடு மாதிரி. "நீ என் மக மாதிரி. மாப்ள ஏதோ விளையாட்டுக்குப் பண்ணிட்டாரு. அழிச்சும் போட்டுட்டாரு. இன்னும் எதுக்கு இழுத்துக்கிட்டு?"

"அவர் அழிச்சிட்டார் ஐயா. அவர்கிட்டேருந்து எடுத்துப் பரப்புறவங்க?"

"அதுக்கு அவர் என்னம்மா பண்ணுவாரு?"

பேங்க்காரர் முதல் தடவையாக வாய் திறந்தார். "மேடம், நான் வீடியோ மட்டும்தான் போட்டேன். அசிங்கமா எழுதினது எவன் எவனோ. நீங்களும் என்னை எருமைன்னு சொன்னீங்கதானே?"

"சொன்னேன். உங்க மூஞ்சிக்கு நேரா சொன்னேன், ஒரு குழந்தை சாகப்போற நேரத்துல. அப்பவே மன்னிப்பும் கேட்டேன். நீங்க அந்தக் குழந்தையை வெட்டிட்டு என்னை மட்டும் போட்டீங்க. அசிங்கமா எழுதினவனுக்கெல்லாம் கீழ சிரிப்பு பொம்மை போட்டீங்க. நம்பர் சரியாத் தெரியலைன்னு ஒருத்தன் கேட்டான். நீங்களே டைப் பண்ணிக் குடுத்தீங்க. அதுவும் எவனோவா?"

அவர் மாமனாரைப் பார்த்தார். மாமனார் சுவரைப் பார்த்தார்.

இன்ஸ்பெக்டர் பேனாவை மேஜையில் தட்டினார். "இங்க பாருங்கம்மா. எழுதினவங்க ஆயிரக்கணக்கான பேரு. யாரைப் பிடிக்கிறது? சிரிச்சதுக்கெல்லாம் கேஸ் போட்டா நாட்டுல ஜெயில் பத்தாது."

"சிரிச்சவங்களைப் பிடிக்கச் சொல்லலை சார். போன வருஷம் என்கிட்ட படிச்ச பொண்ணு ஒரு சைக்கிள்காரரை இடிச்சா. கேஸ் யார் மேல போட்டீங்க?"

"உங்க மேல."

"ஓட்டினது அவ."

"உங்க காலுக்குக் கீழயும் பிரேக் இருந்துச்சே."

"சரின்னு ஒத்துக்கிட்டுத்தானே அபராதம் கட்டினேன். இவர் காலுக்குக் கீழ பிரேக் இல்லையா? தினமும் அந்த அசிங்கத்தையெல்லாம் பாத்துக்கிட்டே இருந்தாரே."

"அது ரோடும்மா. அதுக்குச் சட்டம் இருக்கு. இது போன்ல நடக்குறது. இதுக்கு எந்தப் பிரிவைப் போடுறதுன்னு எங்களுக்கே தெளிவா இல்ல."

அப்போது அவள் மடியில் போன் அடித்தது. புது நம்பர். அவள் மாமனாரிடம் நீட்டினாள்.

"மக மாதிரின்னு சொன்னீங்களே ஐயா. மகளுக்கு வர்ற போனை நீங்க எடுங்க."

அவர் தயங்கினார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாங்கிக் காதில் வைத்தார். "அலோ, யாருப்பா?" என்றார் கம்பீரமாக. அப்புறம் கேட்பது மட்டும்தான். எதிர்முனைக்கு ஆம்பளைக் குரல் கேட்டது இன்னும் வசதியாகப் போயிருக்க வேண்டும். புருஷன் என்று நினைத்துக்கொண்டானோ என்னவோ. கிழவரின் காது மடல் சிவந்தது. போனை மெதுவாக மேஜையில் வைத்து, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"என்ன சொன்னான் ஐயா?" என்று கேட்டாள்.

அவர் போனை விரல் நுனியால் அவள் பக்கம் தள்ளினார்.

"சொல்லுங்க. எனக்குப் பழகிடுச்சு."

"இருந்தாலும்..." என்றார் கிழவர். "கேஸுன்னு ஆச்சுன்னா அவருக்கு வேலை போயிடும்மா. ரெண்டு பிள்ளைங்க இருக்கு."

அவளுக்குள் கொதித்தது. இத்தனையும் காதால் கேட்டுவிட்டு இந்த மனுஷனுக்கு இதுதான் வாயில் வருகிறது. வேலை என்றால் அவர் மாப்பிள்ளை பார்ப்பது மட்டும்தான் வேலை. இவள் பார்ப்பது பொழுதுபோக்கு.

இன்ஸ்பெக்டர் ஒரு தாளை அவள் பக்கம் தள்ளினார். சமாதானமாகப் போகிறோம் என்று முன்பே எழுதி வைத்திருந்தது. கீழே கையெழுத்துக்கு இடம்.

வீட்டுக்காரர் பின்னால் இருந்து முணுமுணுத்தார். "போட்டுட்டு வா. போதும்."

அவள் தாளைத் திருப்பிப் போட்டாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. இன்ஸ்பெக்டர் முன்னால் வைத்தாள்.

"சார், இதுல நீங்க எழுதிக் குடுங்க. இந்தப் பொம்பளை புகார் குடுத்தா, வீடியோ போட்டவர் போட்டேன்னு ஒத்துக்கிட்டார், ஆனா இதுக்குச் சட்டத்துல இடம் இல்லைன்னு எழுதுங்க. கையெழுத்துப் போட்டு சீலும் வைங்க. சட்டம் போடுறவங்க யாரோ எங்கேயோ உக்காந்திருப்பாங்கல்ல, நான் அதை எடுத்துக்கிட்டு அவங்ககிட்ட போறேன். இல்லைன்னா என் புகாரைப் பதிவு பண்ணுங்க. ரெண்டுல ஒண்ணு."

"மிரட்டுறீங்களா?"

"இல்ல சார். கேக்குறேன்."

"நான் எப்படிம்மா இப்படி எழுதித் தர முடியும்?"

"முடியாதுன்னா சட்டத்துல இடம் இருக்குன்னுதானே அர்த்தம்."

இன்ஸ்பெக்டர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பேனாவை எடுத்தார், மூடினார். பேங்க்காரர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார், ஏன் என்று அவருக்கே தெரியாத மாதிரி.

"மேடம், ப்ளீஸ்," என்றார்.

"உக்காருங்க சார். உங்க பேரையும் எழுதணும், அவசரப்படாதீங்க."

வீட்டுக்காரர் மெல்ல வந்து பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

உள்ளறையிலிருந்த போலீஸ்காரரை இன்ஸ்பெக்டர் சலிப்போடு கூப்பிட்டார். "இந்த அம்மா சொல்றதை எழுதிக்கய்யா. பிரிவு என்னன்னு அப்புறம் பாப்போம்."

"எந்தப் பிரிவுன்னு தெரியுற வரைக்கும் நான் தினமும் வருவேன் சார்," என்று சொல்லிவிட்டு அவள் எழுதுகிறவருக்கு எதிரில் போய் உட்கார்ந்தாள். பெஞ்சில் அல்ல, நாற்காலியை இழுத்துப் போட்டு.