வந்துடறேன்

பெரியவள் கண் விழித்துப் பார்த்தபோது அவளுடைய நான்கு பெட்டிகளும் சுவரோரமாக வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன. உள்ளே ஒரு கைக்குட்டைகூட இல்லை.

காலையில் விமானத்தை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்தவள், கொஞ்ச நேரம் சாய்ந்துகொள்கிறேன் என்று ஹால் சோபாவில் தலையை வைத்தாள். அவ்வளவுதான் தெரியும். இப்போது பொழுது சாய்ந்திருந்தது.

"அப்பா, பெட்டில இருந்ததெல்லாம் எங்கே?"

"எல்லாம் போய்ச் சேர்ந்துடுச்சு" என்றார் அப்பா. முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

அப்பா பார்சல் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மூட்டை முடிச்சைக் கண்டால் அவருக்குக் கை சும்மா இருக்காது. பிரிக்க வேண்டும், தரம் பார்த்து அடுக்க வேண்டும், சணல் கயிறு போட்டுக் கட்டிப் பெயர் எழுத வேண்டும், உரியவர் கையில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். தான் அனுப்பிய ஒரு பார்சல்கூட விலாசம் தப்பித் திரும்பி வந்ததில்லை என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். கேட்டுக் கேட்டு எல்லோருக்கும் காது புளித்துவிட்டது. வெளிநாட்டிலிருந்து மகள் நான்கு பெட்டியோடு வந்தால் அத்தனையும் சொந்தபந்தங்களுக்குத்தான் என்று அவரே முடிவு கட்டி, அவள் தம்பியின் வண்டியில் ஏறி ஊரெல்லாம் சுற்றிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

"தலையணை அத்தைக்கு. இஸ்திரிப் பெட்டி தம்பியோட மாமனாருக்கு. குக்கர் மாடி வீட்டுக்கு. அந்த நீல ஸ்வெட்டர் எதிர்வீட்டு டீச்சருக்கு, பாவம், அவங்களுக்கு எப்பவும் குளிரும்."

"அது நான் தினம் படுத்த தலையணைப்பா!"

"அதான் அவ்வளவு மெத்துனு இருந்துச்சா."

"ஒரு ஷாம்பு பாட்டில் இருந்துச்சே?"

"அதுவும் டீச்சருக்குத்தான்."

"பாதி காலி பண்ண ஷாம்பு அது. அதைப் போய் யாராவது பரிசா கொண்டு வருவாங்களா?"

"பாதியாச்சும் ஞாபகமா கொண்டு வந்திருக்காளேன்னு அவங்களுக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?"

கத்துவதற்காக அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் அம்மா காபியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, தலையை வருடிக்கொடுத்தபடி கேட்டாள்: "திரும்ப எப்ப கிளம்பணும்?"

திறந்த வாய் அப்படியே மூடிக்கொண்டது.

ஏனென்றால் அவள் திரும்பிப் போவதற்காக வரவில்லை. பல வருடங்களாக ஒரு கண்ணாடிக் கம்பெனியின் பட்டறையில் லென்ஸ் தேய்த்தவள் அவள். கண்ணுக்குள் தூசி, காதுக்குள் இயந்திரத்தின் இரைச்சல், ரூமுக்குத் திரும்பினால் பேச ஒரு ஆள் கிடையாது. போதும் என்று ஆகிவிட்டது. வேலையை விட்டாள், ரூமைக் காலி செய்தாள், இருந்த பொருளையெல்லாம் நான்கு பெட்டியில் அடைத்தாள். அதை அம்மாவிடம் போனில் சொல்லவும் செய்தாள். "இந்த லீவுக்கு நான் வந்துடறேம்மா" என்றாள். அதற்கு மேல் பேசினால் அழுதுவிடுவோம் என்று அதோடு நிறுத்திக்கொண்டாள். அம்மாவும் "வந்துடு கண்ணு, வந்துடு" என்றாள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் விமானம் ஏறினாள்.

வந்துடறேன் என்றால் இங்கேயே வந்துவிடுகிறேன் என்றும் ஆகும், இந்தத் தடவை கண்டிப்பாக வருகிறேன் என்றும் ஆகும். இரண்டு வருடமாக லீவுக்கு வருகிறேன் வருகிறேன் என்று சொல்லி டிமிக்கி கொடுத்த மகளின் வாயிலிருந்து வந்த வார்த்தை அம்மா காதில் எப்படி விழுந்திருக்கும் என்று அவளுக்கு இப்போதுதான் உறைத்தது. அப்படியானால் அந்த "வந்துடு"வும் லீவுக்கு மட்டும்தானா? நேராகக் கேட்டுவிடலாம். 'ஐயோ, வேலையை ஏன் விட்டே?' என்று அம்மா முகம் சுருங்கிவிட்டால் என்ன செய்வது? பயமாக இருந்தது. காபியைக் குடித்தாள்.

அதன்பிறகு அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை.

அவளுடைய அறையில் தம்பி ஒரு ட்ரெட்மில்லை வாங்கிப் போட்டிருந்தான். அதன்மேல் யாரும் ஓடி அவள் பார்க்கவில்லை, துணி மட்டும் காய்ந்தது. ஆகவே சோபாவே கதி. அடுப்படிப் பக்கம் போனால் தம்பி மனைவி பதறிப்போய், "நீங்க போய் உக்காருங்கண்ணி, நாலு நாள் இருக்கப் போறவங்க" என்று கரண்டியைப் பிடுங்கினாள். தட்டைக் கழுவப் போனால் அம்மா பிடுங்கினாள். வீட்டில் மற்றவர்களுக்கெல்லாம் எவர்சில்வர் தட்டு, இவளுக்கு மட்டும் பரணிலிருந்து இறக்கிய பூப்போட்ட பீங்கான் தட்டு. அதை எடுத்துப் போடும்போதெல்லாம் அம்மா, "ஜாக்கிரதை, விருந்தாளி தட்டு" என்றாள்.

வாசலுக்கு வந்தால் டீச்சர் அவளுடைய நீல ஸ்வெட்டரில் நின்றுகொண்டு, "வாம்மா, எப்ப கிளம்பறே?" என்றார். மாடிப்படியில் பார்த்தவர்கள் எப்போ கிளம்பறே என்றார்கள். தெருமுனைக் கடைக்காரர் மீதிச் சில்லறை கொடுக்கும்போது கேட்டார். ஒருத்தராவது 'எப்போ வந்தே' என்று கேட்கக் கூடாதா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அத்தை வீட்டுக்குப் போனபோது அத்தை அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கட்டிலில் உட்கார வைத்தாள். "ஒரு நிமிஷம் தலைய வெச்சுப் பாரேன். வெளிநாட்டுத் தலகாணி. சொர்க்கம்டி!"

தன் தலையணையில் தானே விருந்தாளியாகத் தலையை வைத்துப் பார்த்தாள் பெரியவள். மூட்டுவலித் தைல நெடி அடித்தது. "நல்லா இருக்கு அத்தே" என்று சொல்லிவிட்டு வந்தாள். வழி நெடுகப் பல்லைக் கடித்துக்கொண்டே வந்தாள்.

வீட்டில் அப்பா தரையில் கடை விரித்திருந்தார். நாலு பெட்டி காலியாகத் திரும்பிப் போவதா என்று, கொடுத்த வீட்டிலெல்லாம் பதிலுக்கு ஏதாவது வசூல் செய்து வந்திருந்தார். துண்டுகள், டப்பாக்கள், சுவரில் மாட்டும் ஒரு கடிகாரம். எல்லாவற்றையும் திணித்து, கயிறு கட்டி, ஒவ்வொரு பெட்டியின் மேலும் தடித்த பேனாவால் அவளுடைய வெளிநாட்டு விலாசத்தை முத்து முத்தாக எழுதிக்கொண்டிருந்தார்.

"விலாசம் சரியானு பாத்துச் சொல்லு. ஒரு எழுத்து மாறினாலும் வம்பு."

"தப்பு" என்றாள் அவள்.

"என்ன தப்பு? கதவு நம்பரா?"

"எல்லாமே தப்பு! அங்கே இப்ப யாரும் இல்ல. ரூமைக் காலி பண்ணிட்டேன். வேலைய விட்டுட்டேன். நீங்க ஊருக்கெல்லாம் பிரிச்சுக் கொடுத்தீங்களே, அது பரிசு இல்லப்பா, என் குடித்தனம். நான் கிளம்பறதுக்கு வரல. வந்துட்டேன்!"

அப்பாவின் பேனா பெட்டிமேல் அப்படியே நின்றது. தம்பியும் தம்பி மனைவியும் அறைவாசலுக்கு வந்துவிட்டார்கள். அம்மா மட்டும் மெதுவாக எழுந்து வந்தாள்.

"வந்துடறேன்னு போன்ல சொன்னியே, அதுக்கு இதான் அர்த்தமா?"

"ஆமா."

"அடி பாவி! இதை வாயைத் திறந்து தெளிவா சொல்ல மாட்டியா? இத்தனை நாளா எப்ப கிளம்பறே, எப்ப கிளம்பறேன்னு கேட்டுட்டு ராத்திரியெல்லாம் தூக்கம் வராமப் புரண்டுட்டுக் கிடக்கிறேன் நான்!" என்று கத்தினாள் அம்மா. கத்திக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பிறகு அப்பா பக்கம் திரும்பினாள். "நீங்க ஏன் இன்னும் உக்காந்திருக்கீங்க? போய் வாங்கிட்டு வாங்க."

"கொடுத்ததைத் திருப்பிக் கேக்கறதா? என் மானம் என்னாகிறது?"

"உங்க மானத்தையும் ஒரு கயிறு போட்டுக் கட்டி வைங்க."

அப்பா தான் எழுதிய விலாசத்தைக் குறுக்கே கோடு போட்டு அடித்தார். பிறகு எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு, வண்டியின் சாவியை எடுத்து, "வா" என்றார் மகளிடம்.

முதலில் அத்தை வீடு. அப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"அக்கா, அந்தத் தலகாணியைக் கொடு. விலாசம் தப்பாயிடுச்சு."

"உன் கையால போனது தப்பாகவே ஆகாதேடா!"

"இது ஆயிடுச்சு. என் வீட்டுக்கு வந்த பார்சலை நானே வெளிய அனுப்பிட்டேன்."

அத்தை தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டாள். "சரி, இவ கிளம்பும்போதாவது எனக்குக் கொடுத்துட்டுப் போவா இல்ல?"

"அவ எங்கே கிளம்பறா?" என்றார் அப்பா. "வந்துட்டா."

தலையணையை மடியில் வைத்துக்கொண்டு அவள் வண்டியில் பின்னால் உட்கார்ந்தாள். தைல நெடி மூக்கைத் துளைத்தது. முதலில் உறையைத் துவைக்க வேண்டும், அத்தைக்கு வேறு தலையணை வாங்கித் தர வேண்டும், டீச்சரிடம் அந்தப் பாதி ஷாம்புவை எந்த முகத்தோடு கேட்பது என்றெல்லாம் எரிச்சலாக யோசித்துக்கொண்டே வந்தாள். தலையணையை மட்டும் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

வீட்டுக்குள் ஒரே களேபரம். அவளுடைய அறைக் கதவில் ட்ரெட்மில் பாதி வெளியேயும் பாதி உள்ளேயுமாகச் சிக்கிக்கொண்டிருந்தது. தம்பி அந்தப் பக்கத்திலிருந்து தள்ள, தம்பி மனைவி இந்தப் பக்கத்திலிருந்து இழுக்க, அம்மா இரண்டு பேரையும் திட்டிக்கொண்டிருந்தாள். வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பெரியவள் மேல் அம்மாவின் கண் விழுந்தது.

"விருந்தாளி மாதிரி நின்னு வேடிக்கை பாக்கறதைப் பாரு! வந்து ஒரு கை பிடிடி!"

பெரியவள் தலையணையை சோபாவில் எறிந்துவிட்டு ஓடினாள்.