எல்லாத்தையும் அறுப்பேன்

எங்கள் குழுவுக்கு லமரீனா என்று பெயர் வைத்தது அகிலியாஸின் அப்பா. லமரீனா என்றால் தகரம். அவருடைய தகரப் பட்டறையில்தான் நாங்கள் வாசித்துப் பழகினோம். "நீங்க வாசிக்கிறதும் நான் சுத்தியால அடிக்கிறதும் ஒரே மாதிரிதான் இருக்கு. அதையே பேரா வெச்சுக்குங்க" என்றார். அவர் சொன்னது கேலிக்கு. ஆனால் ஸீஸிஸுக்கு அந்தப் பெயர் பிடித்துவிட்டது.

அது 1988. கிரேக்க நாட்டு வோலோஸ் ஊரில் த்ராஷ் மெட்டல் என்கிற அதிவேக ராக் இசையை வாசித்தவர்கள் நாங்கள் மூன்று பேர் மட்டுமே. அகிலியாஸ் டிரம்ஸ் அடிப்பான். அடிப்பான் என்பது சரியான சொல்தான். பட்டறையில் பழகிய கை. ரீனியோ என்கிற நான் பேஸ் கிதார். பகலில் துறைமுகத்தில் தீவுக் கப்பலுக்கு டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தேன். ஸீஸிஸ் கிதார். மருந்துக்கடைக்காரரின் ஒரே மகன். பாட்டெல்லாம் அவன் எழுதுவதுதான். எல்லாம் ஆங்கிலத்தில், எல்லாம் அணுகுண்டைப் பற்றி.

பாடத்தான் ஆள் இல்லை. ஸீஸிஸ் பாடிப் பார்த்தான். டிரம்ஸ் தொடங்கியதும் அவன் வாய் அசைவது மட்டும் தெரியும், ஏதோ மீன் மாதிரி.

ஆகஸ்ட் மாதத்தில் ஒரு மதியம். தெருவே சாப்பிட்டுவிட்டுத் தூங்கும் நேரம். அந்த நேரத்தில் சத்தம் போட்டால் போலீஸ் வரும் என்பதால் பட்டறையின் இரும்புக் கதவை இழுத்துச் சாத்திவிட்டு வேர்க்க வேர்க்க வாசித்துக்கொண்டிருந்தோம். திடீரென்று கதவைத் தாண்டி, கிதாரைத் தாண்டி, அகிலியாஸின் டிரம்ஸையும் தாண்டி ஒரு குரல் உள்ளே வந்தது.

"எல்லாத்தையும் அறுப்பேன்! எல்லாத்தையும் குத்துவேன்! ரத்தச் செவப்பு!"

தர்பூசணிக்காரன். கத்தியால் கீறி, உள்ளே சிவப்பைக் காட்டிவிட்டுத்தான் பழத்தைக் கொடுப்பேன் என்று அர்த்தம். எங்கள் ஊர்த் தர்பூசணிக்காரர்கள் எல்லோரும் கூவுவதுதான். ஆனால் இப்படி யாரும் கூவி நாங்கள் கேட்டதில்லை.

ஸீஸிஸ் சண்டை போடத்தான் வெளியே ஓடினான். நாங்களும் பின்னாலேயே போனோம். பழைய டாட்சன் வண்டி நிறையப் பச்சைப் பழங்கள். அதன்மேல் பனியனோடு ஒருவன். ஒலிபெருக்கி எதுவும் இல்லை. வெறும் தொண்டை.

"யோவ், ஊரே தூங்குது, தெரியல?" என்றான் ஸீஸிஸ்.

"தூங்குறவங்க எந்திரிச்சாதான தம்பி பழம் வாங்குவாங்க?" என்றான் அவன். பிறகு எங்கள் தலைமுடியையும் கறுப்புச் சட்டைகளையும் பார்த்தான். "எழவு வீடா? மன்னிச்சுக்குங்க, தெரியாமப் போச்சு."

அகிலியாஸ் சிரித்த சிரிப்பில் சண்டை கலைந்துபோனது. தர்பூசணிக்காரனின் பெயர் ஸ்தெர்யோஸ். எங்களைவிட இரண்டு மூன்று வயது பெரியவன். லாரிஸா பக்கத்துச் சமவெளியில் மாமாவோடு சேர்ந்து தர்பூசணி போட்டிருந்தான். த்ராஷ் மெட்டல் என்றால் என்னவென்று அவனுக்குத் தெரியாது. கல்யாண வீட்டில் கிளாரினெட் வாசித்தால் ஆடத் தெரியும், அவ்வளவுதான். உள்ளே கூட்டிப்போய் ஒரு பாட்டு வாசித்துக் காட்டினோம். கடைசிவரை நின்று கேட்டான்.

"நல்லாத்தான் இருக்கு. யாரு துரத்துறாங்க உங்கள?"

"நீ பாடுறியா?" என்று கேட்டுவிட்டேன்.

"சீசன் முடியட்டும், பாடலாம்."

ஸ்தெர்யோஸ் வந்ததிலிருந்து லமரீனாவின் ஆண்டு அக்டோபரில் தொடங்கி ஏப்ரலில் முடிந்தது. எங்கள் முதல் கச்சேரி பிப்ரவரியில், லாரிஸாவில் மாணவர்கள் வாடகைக்கு எடுத்த ஒரு பழைய சினிமாக் கொட்டகையில். ஸ்தெர்யோஸுக்கு ஆங்கிலம் தெரியாது. ஸீஸிஸ் பாட்டு வரிகளைக் கிரேக்க எழுத்தில் அவன் இரண்டு கைகளிலும் பேனாவால் எழுதிவிட்டான். இரண்டாவது பாட்டுக்குள் வேர்வையில் எல்லாம் கரைந்து நீலமாக வழிந்தது. மூன்றாவது பாட்டு தொடங்கியதும் ஸ்தெர்யோஸ் கையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், கூட்டத்தைப் பார்த்தான்.

"எல்லாத்தையும் அறுப்பேன்! எல்லாத்தையும் குத்துவேன்!"

கொட்டகைக் கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி ஒரு சத்தம். தர்பூசணி கூவலைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள்தான் எல்லோரும். கிதாருக்குமேல் அதைக் கேட்டதும் அவர்களுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. நாங்கள் அந்தப் பாட்டை மூன்று முறை வாசிக்க வேண்டியதாயிற்று.

அதை ஒலிநாடாவில் பதிந்தோம். அட்டையைத் துறைமுக அலுவலகத்தின் நகல் இயந்திரத்தில் நான்தான் யாருக்கும் தெரியாமல் எடுத்தேன். கைக்குக் கை மாறி, தபாலில் போய், ஏதென்ஸில் பையன்கள் அந்தக் கூவலைத் தெருவில் கத்திக்கொண்டு திரிவதாகச் சேதி வந்தது. எல்லோருக்கும் சந்தோஷம், ஸீஸிஸைத் தவிர.

"மனுஷ குலமே அழியுதுன்னு ராத்திரி பகலா உக்காந்து எழுதுறேன். இவனுங்க பழம் விக்கிறதக் கேட்டுக் குதிக்கிறானுங்க" என்றான்.

அடுத்த ஜூலையில் ஏதென்ஸிலிருந்து அழைப்பு வந்தது. பிரேயுஸ் சாலையில் ஒரு பழைய கிடங்கில் மூன்று குழுக்களின் கச்சேரி. முதலில் வாசிப்பது நாங்கள். ஸீஸிஸ் நேராக ஸ்தெர்யோஸிடம் போனான்.

"உனக்கு இது சீசன்தான?"

"ஆமா, சீசன்" என்றான் ஸ்தெர்யோஸ். பழங்களைப் புரட்டிப்போடக் குனிந்துகொண்டான்.

ஸீஸிஸ் ஏதென்ஸில் ஃபீவோஸ் என்று ஒரு பாடகனைப் பிடித்தான். இடுப்புவரை முடி, ஜூலை வெயிலிலும் தோல் கால்சட்டை, சுத்தமான ஆங்கிலம். அகிலியாஸ் இரண்டு நாள் ஸீஸிஸோடு பேசவில்லை. ஆனாலும் போனோம்.

மாலை ஆறு மணிக்கு மேடை ஏறினோம். வெயில் இன்னும் தகரக் கூரையில் காய்ந்துகொண்டிருந்தது. ஃபீவோஸ் நன்றாகத்தான் பாடினான். ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. கூட்டம் மரியாதையாகத் தலையாட்டியது. இடையிடையே யாராவது "அறுப்பேன் பாடு!" என்று கத்தினார்கள். ஃபீவோஸ் ஒன்றும் புரியாமல் புன்னகைத்தான்.

மூன்றாவது பாட்டின் நடுவில், கிதார் ஓய்ந்து பேஸ் மட்டும் தனியாக வருகிற இடத்தில், தெருவிலிருந்து அந்தக் குரல் உள்ளே வந்தது.

"ரத்தச் செவப்பு! வாங்கம்மா, வாங்க!"

முன்வரிசையில் ஒருவன் பக்கத்தில் இருந்தவனின் சட்டையைப் பிடித்து இழுத்தான். "டேய், அது கேசட்ல வர்ற ஆளுடா!"

முதலில் இரண்டு பேர் போனார்கள். அப்புறம் பத்துப் பேர். பாட்டு முடிந்தபோது கிடங்கில் நாங்களும் ஒலியமைப்புக்காரரும் மட்டும் இருந்தோம்.

"எல்லாரும் எங்க போறாங்க?" என்று ஒலிவாங்கியிலேயே கேட்டான் ஃபீவோஸ்.

வெளியே போய்ப் பார்த்தோம். டாட்சனைச் சுற்றிக் கறுப்புச் சட்டைக் கூட்டம், முகவாயெல்லாம் சாறு. யாரோ ஓடிப்போய்த் தொட்டுக்கொள்ள வெள்ளைப் பாலாடைக்கட்டிகூட வாங்கி வந்துவிட்டார்கள். ஸ்தெர்யோஸ் எங்களைப் பார்த்ததும் நெளிந்தான்.

"ஏதென்ஸ்ல நல்ல விலைன்னாங்க. வந்ததுதான் வந்தோம், வெளில நின்னு உங்க பாட்டக் கேட்டுட்டுப் போலாம்னு வண்டிய நிறுத்தினேன். வண்டியில பழம் இருக்கும்போது எனக்கு வாய மூடிட்டு நிக்க வரல."

ஸீஸிஸின் முகம் சுண்ணாம்பாக இருந்தது. ஸ்தெர்யோஸ் ஒரு கீற்றை வெட்டி அவனிடம் நீட்டினான். "தின்னுடா. மயக்கம் போட்டு விழுந்துடாத."

ஸீஸிஸ் வாங்கிக்கொண்டான். "பாடணும்னு ஆச இருந்தா ஏன் சொல்லல?"

"நீ கேக்கலையே."

"சீசன்னு சொன்னியே!"

"சீசன்தான். பாட மாட்டேன்னா சொன்னேன்?"

ஸீஸிஸ் கொஞ்ச நேரம் விதைகளைத் துப்பிக்கொண்டிருந்தான். பிறகு, "உள்ள வா" என்றான்.

"இன்னும் பாதி வண்டி கெடக்கு. வெயில்ல வெந்துடும். யாரு விக்கிறது?"

"நான் விக்கிறேன்" என்றான் ஃபீவோஸ். நாங்கள் திரும்பிப் பார்த்தோம். அவன் ஏற்கெனவே மூன்றாவது கீற்றில் இருந்தான்.

உள்ளே போகிற வழியில் ஸ்தெர்யோஸ் நின்றான். "ஸீஸிஸ், ஒண்ணு கேக்கணும். அந்தக் கடைசிப் பாட்டுல என்னதான் சொல்ற? இன்னிக்கு வரைக்கும் யாரும் எனக்குச் சொன்னதில்ல."

அவனுக்கு யாரும் சொல்லவில்லை என்பது எங்களில் யாருக்கும் தோன்றியதே இல்லை. ஸீஸிஸ் தடுமாறித் தடுமாறிச் சொன்னான். குண்டு போட்ட பிறகு வானம் புகையால் மூடிவிடும். வெயில் வராது. கோடைகாலமே இருக்காது. வருஷக்கணக்கில் மண்ணில் எதுவும் முளைக்காது.

"எதுவுமேவா?"

"எதுவுமே."

"நம்ம பக்கத்துலயும்?"

"எங்கயுமே."

ஸ்தெர்யோஸ் தன் கைகளைச் சட்டையில் துடைத்தான். "இத முன்னாடியே சொல்லியிருந்தா ஒழுங்காப் பாடியிருப்பேனேடா, பாவி!"

அன்று அவன் அந்தப் பாட்டைக் கிரேக்கத்தில், தன் வார்த்தைகளில் பாடினான். எழுதி வைத்துக்கொள்ளவில்லை. விதை மண்ணுக்குள் கிடந்து கேட்கிறது, வெயிலே ஏன் வரல என்று. மாமா வயலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். வண்டி காலியாக நிற்கிறது. எதையும் அறுக்க முடியாது, அறுக்க எதுவும் இல்லை. ஸ்தெர்யோஸ் கத்தினான், ஆனால் அது விற்கிறவனின் கத்தல் இல்லை. குதிக்க வந்த பையன்கள் குதிக்காமல் நின்றார்கள். நான் தலை நிமிராமல் பேஸின் தந்தியையே பார்த்து வாசித்தேன். அகிலியாஸ் பிறகு என்னிடம் சொன்னான், அவனும் அன்று பயந்துதான் அடித்தானாம்.

ஸீஸிஸ் கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாசித்தான். பாட்டு முடிந்தும் திரும்பவில்லை. நான் அருகில் போனேன்.

"கேட்டாங்கல்ல ரீனியோ?" என்றான்.

"கேட்டாங்கடா."

அதற்குப் பிறகு லமரீனா ஆங்கிலத்தில் பாடவில்லை. ஸீஸிஸ் எழுதுவான், ஸ்தெர்யோஸ் அதை வாங்கித் தன் வாய்க்கு ஏற்றபடி மாற்றுவான். இருவரும் ஒரு வார்த்தைக்காக ஒரு மாலை முழுக்கச் சண்டை போடுவார்கள். ஒரே ஒரு இசைத்தட்டு போட்டோம். அகிலியாஸின் அப்பா அதற்குத் தகரத்திலேயே உறை செய்து கொடுத்தார். வாங்கினவர்களில் பாதிப்பேர் விரலைக் கிழித்துக்கொண்டு, அதற்காகவே இன்னொன்று கேட்டு எழுதினார்கள்.

ஃபீவோஸ் அன்று வண்டியைக் காலி செய்துவிட்டான். அவனுடைய மென்மையான குரலைக் கேட்டு மாடி வீடுகளிலிருந்து பெண்கள் இறங்கி வந்தார்களாம். மறு கோடையில் வேலை கேட்டு லாரிஸாவுக்கே வந்துவிட்டான். இப்போது ஸ்தெர்யோஸின் அத்தை மகளுக்குப் புருஷன். தோல் கால்சட்டை போய்விட்டது. முடி மட்டும் இருக்கிறது.

1996-இல் குழு நின்றது. சண்டை ஒன்றும் இல்லை. ராணுவச் சேவை, பிள்ளைகள், ஸீஸிஸுக்கு அப்பாவின் மருந்துக்கடை, அகிலியாஸுக்குப் பட்டறை. குளிர்காலத்தில் துறைமுகத்து த்ஸிபூரோ சாராயக் கடையில் நால்வரும் உட்கார்ந்து, சின்னச் சின்ன பாட்டில்களாகக் குடித்து, சுட்ட ஆக்டோபஸ் தின்று, எந்தப் பாட்டு எவ்வளவு வேகம் என்று இன்னும் அடித்துக்கொள்வோம். ஜூலை வந்துவிட்டால் ஸ்தெர்யோஸை யாரும் கூப்பிடுவதில்லை. சீசன்.